செவலைக் கன்றும் முத்தழகு அத்தையும்

ஐம்பத்தேழாம் வருஷம் பொங்கலன்று காலையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பானை ஏறியது. முத்தழகு அத்தை வீட்டு வாசலில் மட்டும் அடுப்பு வெறுமனே கிடந்தது. கட்டுத்தறியில் அவளுடைய பவுனு என்கிற பசு கத்திக்கொண்டிருந்தது. பசிக்குக் கத்துகிற கத்தல் அல்ல. மாடு வைத்திருக்கும் ஊரில் அந்தக் கத்தலின் அர்த்தம் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பசு காளைக்கு நிற்கிறது.

அத்தை என் அய்யாவுக்குத் தங்கை. அடுத்த வீடு. அரிசியைக் களைந்து வைத்தவள், அதை அப்படியே விட்டுவிட்டுப் பசுவை அவிழ்த்தாள்.

"ஏ புள்ள, நல்ல நாளும் அதுவுமா எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார் அவள் புருஷன் தனுஷ்கோடி மாமா.

"தொண்டிக்கி."

"பான?"

"நீங்க வைங்க. ஆம்பள வச்சாப் பொங்க மாட்டேன்னு அரிசி சொல்லுச்சா?"

மாமா வைத்தார். பொங்கவும் செய்தது, அடிப்பிடிக்கவும் செய்தது. பொங்கலன்று பானை வைக்காமல் பசுவைக் காளைக்கு ஓட்டிக்கொண்டு போன பொம்பளை என்று அத்தைக்கு அன்றைக்குப் பெயர் விழுந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட அவளுக்கு வேறு விஷயம் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் ராமநாதபுரத்தில் நடந்த ஒரு மாட்டுக் கண்காட்சியைச் சொல்ல வேண்டும். அத்தைக்கு அப்போது பாவாடை சட்டை வயது. தொண்டி ஹமீது சுல்தான் மரைக்காயர் தன்னுடைய காளையைக் கொண்டுவந்திருந்தார். மயிலைக் காளை. மழை இறங்கப்போகிற மேகத்தின் நிறம். தோணி வியாபாரி வீட்டுக் காளை என்பதால் அதற்குக் கப்பல் என்று பெயர். அதன் பின்னால் அதற்குப் பிறந்த கிடாரிகள் வரிசையாக வந்தன. எல்லாம் அதே நிறம், அதே கொம்பு, அதே நடை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டதாம். அத்தை அந்த வரிசையை இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒரு வரிசையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். நகை, சேலை, மெத்தை வீடு எதுவும் கேட்டு மாமாவை அவள் தொந்தரவு செய்ததில்லை.

சீராக வந்த ஒரு பசுவை வைத்து மூன்று நல்ல பசுக்களை உண்டாக்கிவிட்டாள். இல்லாதது காளை. கப்பலுக்குப் பிறந்த ஆண் கன்றுகளை எல்லாம் வாங்கியவர்கள் காயடித்து ஏரில் பூட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கப்பல் ஒன்றுதான், அதற்கும் வயது பதினேழு. அதற்கு ஓர் ஆண் கன்று பிறந்தால் அந்த வழி நிற்கும். இல்லாவிட்டால் கப்பலோடு போயிற்று.

எங்கள் ஊரில் காளை இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கால்நடை டாக்டர் வந்து ஒரு கொட்டகை போட்டு, சிந்திக் காளை ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். செக்கச்செவேல் என்று இருக்கும். அதற்குப் பிறக்கிற கிடாரி அதிகமாகப் பால் கொடுக்கும் என்றார். அதில் பொய்யில்லை. ஆனால் அத்தைக்குத் தேவை பால் அல்ல. "செங்கச் சூளைக்குக் கொம்பு மொளச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் கம்பவுண்டர் முத்துராமலிங்கம். உள்ளூர்க்காரர். அவருக்கு அந்த வார்த்தை ரொம்ப நாள் வலித்தது.

பொங்கலன்றே அத்தை கிளம்பியதற்குக் காரணம் உண்டு. காளைக்கு நிற்கிற பசுவை ரோட்டில் ஓட்டிப் போவது, பலாப்பழத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஈயை வராதே என்பது மாதிரி. வழியில் இருக்கிற ஊர்க் காளைகள் எல்லாம் மோப்பம் பிடித்து வரும். பொங்கலன்று அவை கட்டுத்தறியில் இருக்கும். மறுநாள் மாட்டுப் பொங்கல், சாயங்காலம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். பதினான்கு மைல். ஒத்தையாகப் போனாள்.

தொண்டியில் தென்னந்தோப்பு மணலில் கப்பல் படுத்துக் கிடந்தது. பவுனு கடல் சத்தத்துக்கு மிரண்டு நின்றது. மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து பசுவையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார்.

"ஏம்மா, நடந்தா வந்த? வீட்டுல பொங்க வேணாமா?"

"அவருகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கேன், மரைக்காரய்யா."

"இவன் எந்திரிச்சு நிக்கவே நான் துவா கேக்கணும். போன வருசம் ரெண்டு பசு வந்துச்சு. ஏற மாட்டாம எறங்கிட்டான். பின்னங்காலு ரெண்டும் போச்சு."

"பசுவப் பள்ளத்துல நிப்பாட்டுவோம்."

மண்வெட்டி வாங்கி அத்தையே பள்ளம் தோண்டினாள். பசுவின் பின்கால்கள் தாழ நின்றால் கிழக் காளைக்கு ஏறுவது சுலபம். எங்கள் ஊர்க் கரிசலில் அது சரி. தொண்டி மணலில் தோண்டத் தோண்டச் சரிந்தது. பொழுது சாய்ந்துகொண்டே போனது. பசுவின் சூடு அடங்கிவிட்டால் அடுத்த தடவைக்கு மூன்று வாரம் ஆகும். கப்பல் அதுவரைக்கும் இருக்குமா என்று மரைக்காயரே சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் அவர் ஆள்விட்டு உடைந்த தோணிப் பலகைகளைக் கொண்டுவந்து பள்ளத்துக்கு நான்கு பக்கமும் அண்டை கொடுக்கச் சொன்னார். கப்பல் எழுந்தது. இரண்டு தடவை சறுக்கியது. மரைக்காயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தபடி ஏதோ ஓதினார். மூன்றாம் தடவை ஆயிற்று.

"அல்லா போதுமானவன்" என்றார் மரைக்காயர். "இனிமே யாரு வந்தாலும் இல்லன்னு சொல்லிருவேன். இதோட சரி."

இது அத்தை சொல்லி எனக்குத் தெரிந்தது. கப்பலின் வாயில் அவர் பேரீச்சம்பழம் ஊட்டிவிட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அன்று இரவு மரைக்காயர் வீட்டில் தங்கிவிட்டு, மாட்டுப் பொங்கல் விடியும் முன்னே கிளம்பி, உச்சிப்பொழுதுக்கு ஊர் வந்துவிட்டாள். பவுனுவுக்குச் சூடு இன்னும் முழுக்க அடங்கவில்லை. தொழுவத்தை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உரலில் கட்டிவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். படுத்ததுதான் தெரியும்.

கண்மாயில் மற்ற மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு மாமா வந்தார். மாட்டுப் பொங்கலன்று ஒரு பசு உரலில் கட்டிக் கிடப்பதைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களை வீட்டில் விட்டுவிட்டு யாரும் தூங்கக்கூடாது. வருஷம் பூராவும் கட்டிப்போட்டாலும் அன்று ஒரு நாள் கயிறில்லாமல் விட வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. கட்டிப்போட்டால் பாவம். மாமா சத்தமில்லாமல் பவுனுவை அவிழ்த்தார், குளிப்பாட்டினார், கொம்புக்குச் சாயம் அடித்தார், மாலை போட்டார், பொங்கல் ஊட்டினார், போ தாயி என்று முதுகில் தட்டினார்.

ஊருக்கு வடக்கே கொட்டகையில் கம்பவுண்டர் முத்துராமலிங்கமும் அதே நேரத்தில் அதே பாவத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். சிந்திக் காளையை எந்தக் காரணத்துக்கும் அவிழ்த்துவிடக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஊரெல்லாம் மணிச்சத்தம். காளை வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. சம்பளம் அரசாங்கத்துடையது என்றாலும் அவர் பிறந்தது இந்த ஊரில். அவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் பவுனுவும் சிந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் நாலைந்து பேர் பார்த்தோம். நின்றதைத்தான் பார்த்தோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, ஒன்றும் நடக்கவில்லையா, யாருக்கும் தெரியாது. அத்தை தலை அவிழ ஓடிவந்தாள். சிந்தியின் முதுகில் கம்பு முறிந்தது. மாமா தூரத்தில் நின்று, "பாவம்னு தான்..." என்றார். அத்தை பசுவைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் மாமா சோறு தின்றிருப்பார்.

பவுனு சினை பிடித்தது. எந்தக் காளைக்கு என்பதுதான் தெரியவில்லை. ஊரில் யார் கேட்டாலும் அத்தை ஒரே பதில் சொன்னாள்: "கப்பலுக்குத்தான். சிந்தி கிட்டயே வரல." முத்துராமலிங்கமும் அதையே சொன்னார்: "எங்க காள கட்டுத்தறிய விட்டு அசையவே இல்ல." அவருக்கு வேலை நிலைக்க வேண்டும், இவளுக்குக் கன்றின் பேர் கெடாமல் இருக்க வேண்டும். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், ஒரே பொய்யை ஆளுக்குப் பாதியாகக் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்குள் அத்தை வேறு மாதிரி இருந்தாள். பசுவின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். உலை கொதித்து வழிவது தெரியாமல் நிற்பாள். ஆடி மாதம் தொண்டியிலிருந்து கருவாட்டுக்காரி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள், கப்பல் மவுத்தாகிவிட்டது, மரைக்காயர் தோப்பிலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார் என்று. அத்தை கேட்டுக்கொண்டாள். கருவாடு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்குப் பவுனுவுக்குப் பருத்திக்கொட்டை இரண்டு மடங்கு ஆட்டி வைத்தாள்.

ஐப்பசி மழையில் கன்று விழுந்தது. காளைக்கன்று. செவலை.

"செவலையா இருக்கேடி" என்றார் மாமா.

"மயிலைக்குப் பொறந்தாலும் பொறக்கையில செவலதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் பக்கத்து மாடுகள் எல்லாம் பிறக்கும்போது செவலையாகத்தான் பிறக்கும். நாலைந்து மாதத்தில் காதுக்குப் பின்னால், கண்ணைச் சுற்றி, மயிலை மெதுவாக எட்டிப் பார்க்கும். பிறகு உடம்பு முழுக்கப் பரவும். சிந்திக்குப் பிறந்தது செவலையாகவே நிற்கும். ஆக, கன்று பிறந்தும் அத்தைக்குப் பதில் கிடைக்கவில்லை. கேள்விக்கு நான்கு கால் முளைத்துத் தொழுவத்தில் துள்ளியது, அவ்வளவுதான்.

கார்த்திகை, மார்கழி, தை. தினமும் காலையில் முகம் கழுவும் முன் கன்றின் காதை மடக்கி மயிரை விலக்கிப் பார்ப்பாள். ஒரு நாள் நான் அவளுக்கு முன்னே போய் அதன் காதில் திருநீறைத் தடவி வைத்துவிட்டு, "அத்தே, வந்து பாருங்க, மயில!" என்று கத்தினேன். ஓடி வந்தாள். தொட்டாள். விரலில் ஒட்டியது. அடிப்பாள் என்று ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துத் தயாராக நின்றேன். அடிக்கவில்லை. ஒட்டியதை நெற்றியில் பூசிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கன்றை வைத்து நான் விளையாடவில்லை.

மாசி கடைசியில் ஒரு காலை, இடது காதுக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்துக்கு, நிஜமாகவே வந்துவிட்டது. தண்ணீரில் தேய்த்தாள், போகவில்லை. எண்ணெய் போட்டாள், போகவில்லை. மாமாவை இழுத்து வந்து காட்டினாள். மாமா கன்றைக் கும்பிட்டார். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

பாயசம் ஆறும் முன் தெருவில் தண்டோரா வந்தது. வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் டாக்டர் வருகிறார். ஊரில் உள்ள ஆண் கன்றுகளை எல்லாம் கொண்டுவர வேண்டும். அரசாங்கக் காளைக்குப் பிறந்தவை தவிர மற்றவை எல்லாவற்றுக்கும் காயடிக்கப்படும்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கன்றின் காதைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாக எதற்காக ஏங்கினாளோ அதுதான் இப்போது கன்றைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

"ராத்திரியோட ராத்திரியா எங்கயாச்சும் ஓட்டிருவமா?" என்றார் மாமா.

"எந்த வீட்டுல எத்தன கன்னு நிக்கிதுன்னு கம்பவுண்டருக்குத் தெரியாதா? நாளைக்கி வந்து கேட்டா என்ன சொல்லுவீக? பறந்து போச்சுன்னா?"

மாமா செம்மண்ணைக் குழைத்துக் கன்றின் காதில் பூசிப் பார்த்தார். பவுனு வந்து நக்கிச் சுத்தமாக்கிவிட்டது. இன்னொரு தடவை பூசினார். இன்னொரு தடவை நக்கியது.

வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் ஊரே இருந்தது. டாக்டர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முத்துராமலிங்கம் கையில் ஆள் முழங்கை நீளத்துக்கு இரும்பு இடுக்கி. ஒவ்வொரு கன்றாகப் பிடித்தார்கள், அது ஒரு சத்தம் போடும், விடுவார்கள். வரிசை நகர நகர அத்தை கன்றின் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவள் முறை வந்தது. முத்துராமலிங்கம் வழக்கம்போலக் கன்றின் தலையைப் பிடித்தார். அவர் கை இடது காதில் நின்றது. பார்த்துவிட்டார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

"இது எந்தக் காளைக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஊர் முழுக்க நிற்கிறது. கப்பலுக்குத்தான் என்று அவள் யாரிடமெல்லாம் சண்டை போட்டாளோ அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"ஒங்க காளைக்குத்தான், சார்" என்றாள். "சிந்திக்கு."

"ஆத்தாடி!" என்று யாரோ சிரித்தார்கள். "கப்பல் கவுந்துருச்சுடா!"

டாக்டர் முத்துராமலிங்கத்தைப் பார்த்தார். "இந்தம்மா பசு நம்ம கொட்டகைக்கு வந்ததா? நீர் சொல்லவே இல்லையே."

முத்துராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். வரவில்லை என்று சொன்னால் போதும், அவர் வேலைக்கு ஒன்றும் ஆகாது. இடுக்கி கையில்தான் இருக்கிறது. அத்தை அவரிடம் கெஞ்சவில்லை. கன்றின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்மாயில் ஒரு நாரை இரண்டு மீன் பிடித்து விழுங்கியது.

"கொட்டகைக்கு வரல, சார்" என்றார் முத்துராமலிங்கம்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"காளதான் வெளிய போச்சு. போன வருசம் மாட்டுப் பொங்கலுக்கு... நாந்தான் அவுத்துவிட்டேன்."

"அவிழ்த்துவிடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக சார். மாட்டுப் பொங்கலு சார். அன்னைக்கிப் போயி எப்படி சார் கட்டிப்போடுறது? மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிது சார்."

டாக்டர் கத்தினார். மெமோ தருவேன் என்றார், சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். முத்துராமலிங்கம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், கன்றின் இடது காதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தி முடித்தபின் டாக்டர் கன்றைப் பார்த்தார். செவலையாகத்தான் தெரிந்தது.

"சரி, விடு. ஆனி மாசம் மறுபடி வருவேன். அப்பவும் செவலையா இருந்தாப் பொலிக்கு விடலாம். நிறம் மாறியிருந்துச்சுன்னா அன்னைக்கே இடுக்கி. அடுத்தது!"

அத்தை கன்றை ஓட்டிக்கொண்டு வரும்போது முத்துராமலிங்கம் பின்னாலேயே வந்தார். ரொம்பக் குறைந்த குரலில், "வலது காதுலயும் வந்துருச்சு, முத்தழகு" என்றார். "ஆனி வரைக்கும் தாங்காது."

அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காகக் கிடை போட, அபிராமம் பக்கத்திலிருந்து பூமிநாதன் என்பவர் வருஷா வருஷம் மாடுகளைப் பத்திக்கொண்டு வருவார். இருநூறு மாடுகளுக்கு மேல் இருக்கும். ஓர் ஊரில் தங்காது. எந்த டாக்டர் எல்லைக்குள்ளும் நிற்காது. சித்திரையில் கிடை கிளம்பும்போது அத்தை கன்றைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பால்குடி இன்னும் மறக்கவில்லை. பவுனு தொழுவத்திலிருந்து கத்துவது வயல் வரைக்கும் கேட்டது.

"சேத்துக்கிறேன். காதுல வெட்டு விழணும், தாயி" என்றார் பூமிநாதன். கிடையில் ஒவ்வொரு மாட்டுக்காரருக்கும் ஒரு காதுவெட்டு உண்டு. அதுதான் அடையாளம்.

"வெட்டக் கூடாது, அண்ணே. கண்காட்சிக்கிப் போற மாடு. காது முழுசா இருக்கணும்."

"அப்ப எதவச்சு அடையாளம் சொல்லுவேன்? இன்னைக்கிச் செவல. திரும்பி வாரப்போ இவனும் மயில, எங்கூட இருக்குறதெல்லாமும் மயில. எல்லாம் ஒரே மாவுல சுட்ட இட்டிலியாட்டம் நிக்கும். நீ எத உம் புள்ளைம்ப?"

அத்தை குனிந்து கன்றின் முதுகில் சுழி இருக்கும் இடத்தை விரலால் தடவினாள். திமிலுக்குப் பின்னால் ஒரு சுழி, அதற்கு நாலு விரல் தள்ளி இன்னொன்று. நிறம் மாறும், கொம்பு முளைக்கும், சுழி நகராது. தடவினாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து தடவினாள்.

"நான் வந்து சொல்றேன். நீங்க வெட்டாம மட்டும் கொண்டாங்க."

ஆனியில் டாக்டர் வந்து கேட்டபோது மாமா, "கெடைக்குப் போயிருச்சு, சார்" என்றார். அந்தக் கன்றைப் பற்றி அந்த வீட்டிலிருந்து டாக்டருக்குக் கிடைத்த ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். டாக்டர் முத்துராமலிங்கத்தை முறைத்துவிட்டுப் போனார்.

மறு வருஷம் கிடை வரவில்லை, மழை இல்லை. அத்தை ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கறுத்துப்போனாள். கிடையில் சீக்கு என்று ஒருத்தர் சொன்னார், திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டது என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இந்த மாசியில் வந்தது. அத்தை வயலில் இறங்கி மாடுகளுக்கு நடுவே நடந்தாள். பூமிநாதன் ஓரமாக நின்று வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்தார். வெட்டில்லாத காது எது என்று அவர் சொல்லவில்லை, அவளும் காதைப் பார்க்கவில்லை. முதுகாகத் தடவிக்கொண்டே போனாள். மாடுகள் சிலிர்த்தன, ஒன்று உதைத்தது. நடுவில் ஓர் இளங்காளையிடம் அவள் கை நின்றது. நாலு விரல் வைத்து அளந்தாள். காளை திரும்பி அவளைப் புதிதாகப் பார்த்தது. மழை இறங்கப்போகிற மேகத்தின் நிறம்.

அழுவாள் என்று நினைத்தேன். எதிரே போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வலது கொம்பு ஒரு பொட்டு உள்ள வாங்கியிருக்கா, அண்ணே? இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"நல்லாத்தானம்மா இருக்கு" என்றார் பூமிநாதன்.

"இல்ல, வாங்கியிருக்கு" என்றாள். முந்தானையை எடுத்து அதன் கண்பீளையைத் துடைத்துவிட்டாள். பிறகு, அதைப் பெற்ற பவுனுவைத் தவிர மற்ற இரண்டு பசுக்களையும் கிடை கிளம்பும் முன் இங்கே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, வரப்பில் ஏறி வேகமாக நடந்தாள்.